சம்பளம் தள்ளிப்போனால் எந்தக் கதவைத் தட்டுவது? கடலூர், புதுச்சேரி ஊழியர்களுக்கு ஓர் ஒப்பீடு

மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதி முடிவதற்குள் பணம் வந்துவிட வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் 20-ஆம் தேதி வரை "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பதிலையே கேட்டுப் பழகியவர்கள் இருக்கிறார்கள். "ஓனருக்கே பில் பணம் வரலையாம்" என்று நாமே அவருக்காகப் பேசிவிடுகிறோம். வாடிக்கையாளர் பணம் தராதது உங்கள் சம்பளத்தை நிறுத்தி வைக்கக் காரணம் ஆகாது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், எந்தச் சட்டம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். முன்பு இருந்தது 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். கடைசியாக இருந்த நிலவரப்படி, மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் அதன்கீழ் போக முடியாது. 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்கு இழப்பீடு அதிகபட்சம் 3,000 ரூபாய்தான். எந்த முதலாளி அதற்குப் பயப்படுவார்? 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்தில் 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. சம்பள உச்சவரம்பு போய்விட்டது, மேனேஜரும் கேட்கலாம். மனுவுக்கு மூன்று வருட அவகாசம். இழப்பீடு, பாக்கித் தொகையைப் போல 10 மடங்கு வரை போகலாம். அந்த 'வரை' முக்கியம். பத்து மடங்கும் கிடைத்துவிடும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். இருந்தாலும் பேரம் பேசும் பலம் இப்போது ஊழியர் பக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

சரி, முதல் வழி லேபர் ஆபீஸில் புகார். வக்கீல் வேண்டாம், செலவு இல்லை. ஆய்வாளர் கம்பெனிக்கு வந்து சம்பளப் பதிவேட்டைக் கேட்கலாம். பணம் இருந்தும் இழுத்தடிக்கிற முதலாளிகள் பலருக்கு அதுவே போதும். வேலையை விடாமல் சம்பளத்தை ஒழுங்காக்க நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இதன் குறை என்னவென்றால், ஆய்வாளர் நெருக்கலாம், வழக்குத் தொடரலாம், ஆனால் "இவருக்கு இவ்வளவு கொடு" என்று உத்தரவு போடுவது அவர் வேலை இல்லை. சேர வேண்டியதைவிடக் குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதுவும் அரசுக்குத்தான் போகும். பெயரை வெளியில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் யார் போனது என்று தெரியாமல் இருக்காது, அதையும் யோசித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, ஊதியச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட அதிகாரி முன் கோரிக்கை மனு. என் கணிப்பில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரியான கதவு, ஆனால் அதிகம் பேர் தட்டாத கதவும் இதுதான். இந்த அதிகாரி பாக்கியையும் இழப்பீட்டையும் சேர்த்து உத்தரவு போட முடியும். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தா வாங்கி அது நீளலாம் என்பதையும் எதிர்பாருங்கள். உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்க வழி இருக்கிறது. சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் முதலாளியுடையது. அதற்காக வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தத் தேதியில் சம்பளம் ஏறியது என்பதை பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டும். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு பி.எஃப். பாஸ்புக்கும் இ.எஸ்.ஐ. எண்ணும் போதும். கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வெற்று வவுச்சரில் கையெழுத்து கேட்டால் மட்டும் போடவே போடாதீர்கள். முழுப் பாக்கியும் தீர்ந்தது என்று பின்னால் அதில் எழுதிக்கொள்ள முடியும்.

லேபர் கோர்ட் மூன்றாவது வழி. தொழில் உறவுகள் பற்றிய இன்னொரு புதிய சட்டத் தொகுப்பில் அந்த வேலை தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகிறது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொகையைக் கணக்கிட்டு வசூலிக்க அது நல்ல இடம். "இவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை" என்று முதலாளி மறுத்தால் அங்கே சிக்கல்தான். மேலும் அது 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டும். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர் அதில் வரமாட்டார். சம்பளம் கேட்டதற்காக வேலையை விட்டே தூக்கினார்கள் என்றால் அப்போது தொழில் தகராறாக இந்தப் பக்கம் போவதுதான் சரி. வெறும் இரண்டு மாதப் பாக்கிக்கு இது நீண்ட சுற்று.

கம்பெனியைத் திவால் தீர்ப்பாயத்துக்கு இழுப்பேன் என்று சிலர் சொல்வார்கள். பாக்கி ஒரு கோடி ரூபாய் இருந்தால்தான் அங்கே மனு போட முடியும், ஆகவே தனி ஆளுக்கு அது வழியே இல்லை. வேறு யாராவது கம்பெனியைத் திவாலுக்குக் கொண்டுபோயிருந்தால் கதை வேறு. கம்பெனி மீது வேறு வசூல் நடவடிக்கை கூடாது என்ற தடைக்காலம் தொடங்கியதும் மற்ற வழக்குகள் நின்றுவிடும். அங்கே நியமிக்கப்படும் நிர்வாகியிடம் உங்கள் பாக்கியைக் கேட்டு உடனே படிவம் கொடுத்துவிட வேண்டும்.

தனியாகப் போவதா, சேர்ந்து போவதா? சேர்ந்துதான் என்பேன். ஒரே நிறுவனத்தில் எத்தனை பேருக்குப் பாக்கி இருந்தாலும் ஒரே மனுவில் கேட்கலாம், பதிவு பெற்ற சங்கமே உறுப்பினருக்காக மனு போடலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் சம்பளச் சட்டம் வந்த அதே 1936-இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடமே அங்கே 8 மணி நேர வேலைக்கு ஆணை வந்தது. கூடி நின்றவர்கள் வாங்கித் தந்த உரிமை அது. அந்த மண்ணில் நின்றுகொண்டு நமக்கு உரிய சம்பளத்தைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

வேலையை விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வரும். ராஜினாமா செய்தாலும் இரண்டு வேலை நாளில் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஓடிப்போனார் என்று எழுதிவிடுவார்கள். பாக்கி விவரத்தோடு ராஜினாமாவை ஈமெயிலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள்.

அப்புறம், கடலூரில் வீடு, பாண்டியில் வேலை என்று தினமும் முள்ளோடை எல்லையைத் தாண்டுபவர்கள் தப்பான ஆபீஸுக்குப் போய் அலையக் கூடாது. வேலை செய்யும் இடம் எதுவோ, அந்த அரசின் தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை என்றால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அமைப்பு. ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் அந்த நிறுவனத்தின் உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதனால் மனுவில் கான்ட்ராக்டர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.