38,500 ரூபாய் போச்சு: முகூர்த்தப் பட்டு வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். என் தங்கையின் முகூர்த்தப் புடவைக்கு நான் கட்டிய தொகை. வந்து சேர்ந்தது பாதி பாலியஸ்டர். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் புடவை எப்படிப் பார்த்து வாங்குவது என்றும் கடைசியில் சொல்கிறேன்.

விற்றவர்கள் பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மாமா பயப்படுகிறார். ராத்திரியானால் லைவ் போட்டு, 'தறியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு' என்று காஞ்சிப் பட்டு விற்கிற ஒரு சோஷியல் மீடியா பக்கம். அவ்வளவுதான் சொல்வேன்.

ஏன், தி.நகர் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனோம். பனகல் பார்க்கைச் சுற்றி இருக்கிற கடைகளில் ஏறி இறங்கிக் கால் வீங்கியதுதான் மிச்சம். தங்கைக்கு வேண்டியது அரக்கு உடல், கடுகு மஞ்சள் கரை, கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வை, உடலில் புட்டா என்கிற சின்னச் சின்ன உருவங்கள் கூடாது. அரக்கு கிடைத்தால் கரை பச்சையாக இருந்தது. கரை சரியாக இருந்தால் உடம்பெல்லாம் மயிலும் அன்னமும். அந்த நேரத்தில்தான் இந்தப் பக்கம் கண்ணில் பட்டது.

போன் செய்தேன். ஒரு அம்மாள் எடுத்தார். குரலைக் கேட்டால் என்னைவிடப் பத்து வயது பெரியவராவது இருப்பார், ஆனாலும் வாய்க்கு வாய் அக்கா. விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "மண்டபத்துல மஞ்சள் லைட்டாக்கா, வெள்ளை லைட்டா? முகூர்த்தம் விடியக்காலையா? அரக்கு போட்டோவுல கறுப்பா விழும், அதனால ஒரு ஷேடு ஏத்திப் போடச் சொல்றேன். பொண்ணு என்ன உயரம்? உயரம் கம்மின்னா பெரிய கரை வேண்டாம், ஆளை முழுங்கிடும்." கடைகளில் ஒருத்தர்கூட இதையெல்லாம் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அங்கேயே முடிவு கட்டிவிட்டார், இவங்கதான் என்று.

முழுப் பணமும் முதலிலேயே வேண்டும், நெசவாளருக்குக் கூலி முன்கூட்டிக் கொடுக்க வேண்டும் என்றார். 38,500 ரூபாயும் ஒரே தவணையில் ஜிபே செய்தேன். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "நம்ம தம்பிதான்க்கா, அவன்தான் கணக்குப் பார்க்கிறான்." அப்புறம் ஒரு வீடியோ வந்தது. குழித்தறி, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய அரக்குப் பாவு நூல், பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடுகிற நாடாக்கட்டையைத் தள்ளுகிறான். "இதான்க்கா உங்க புடவை." குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு எல்லோரும் கைகூப்பினோம். அதே வீடியோ, அதே பையன், வேறொரு பக்கத்தில் 'மதுரை மணமகளுக்காக' என்று ஓடுவதைப் பெரியப்பா மகள் பிற்பாடு கண்டுபிடித்தாள்.

புடவை வந்தது. மேலே மடிப்பில் பார்க்கப் பளபளவென்று நன்றாகவே இருந்தது. பார்சல் வந்த அன்றே அந்த அம்மாள் தானாகவே போன் செய்தார். "ப்ளவுஸ் துணியை உடனே வெட்டிக் குடுத்துடுங்கக்கா, ஆரி எம்பிராய்டரிக்காரங்க முகூர்த்த சீசன்ல கையிலயே கிடைக்க மாட்டாங்க." எவ்வளவு அக்கறை பாருங்கள். வெட்டி, மாம்பலத்தில் ஆரி போடுகிறவரிடம் கொடுத்தோம். மறுநாளே அவர் கூப்பிட்டார். "சட்டத்துல இழுத்துக் கட்டினா நூல் விலகுதும்மா. இது பட்டா?"

சித்தி வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். அவருக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் எடுத்துப்போனோம். அவர் புடவையை விரிக்கக்கூட இல்லை, கரையைத் திருப்பிப் பார்த்தார். கோர்வை என்றால் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், அந்த இணைப்பு கையில் தட்டும். இதில் அப்படி எதுவும் இல்லை, மெஷின் நெசவு. முந்தானையைத் தனியாக இணைக்கிற பெட்னியும் இல்லை. ஜரிகையை நகத்தால் சுரண்டினார். அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் ஏற்றியிருப்பார்கள், சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். இதில் வெள்ளையாக இருந்தது. கடைசியாகக் குஞ்சத்திலிருந்து ஒரு பாவு நூலும், குறுக்கு நூல் ஒன்றும் பிரித்துக் கொளுத்தினார். ஒன்று முடி கருகின வாடையோடு பொடியானது. மற்றது உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. "பாவு மட்டும் பட்டும்மா. குறுக்கே போற ஊடை பாலியஸ்டர்." தங்கை அழவில்லை. நான்தான் அழுதேன்.

இனி அந்தப் பக்கத்தின் பதில்களைக் கேளுங்கள். முதலில், "லைட்டிங்ல அப்படித் தெரியும்க்கா." நூலைக் கொளுத்திப் பார்த்தோம் என்றேன், லைட்டிங்காம். அப்புறம், பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் புகார் ஏற்போம் என்றார்கள். இருந்தது, மச்சான் எடுத்திருந்தார், அனுப்பினேன். சத்தமே இல்லை. பிறகு நெசவாளர் வீட்டில் துக்கம் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். எந்த நெசவாளர்? கடைசியில் வந்ததுதான் உச்சம்: "ப்ளவுஸ் வெட்டிட்டீங்களேக்கா, வெட்டின புடவைய நாங்க எப்படித் திரும்ப எடுக்கிறது?" உடனே வெட்டச் சொன்னது யார்? அதே அம்மாள், அதே நம்பர். அந்த அக்கறை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பில் கேட்டேன், பிளாக்.

38,500 ரூபாய். அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்ததிலிருந்து போனது. சம்பந்தி வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை. எழும்பூர் கோ-ஆப்டெக்ஸில் அவசரமாக ஒரு அரக்குப் புடவை எடுத்திருக்கிறோம். கரை மெரூன்தான், கடுகு மஞ்சள் கிடைக்கவில்லை.

சரி, சொல்வதாகச் சொன்ன விஷயங்கள். நேரமில்லை, சுருக்கமாகவே எழுதுகிறேன். ஜிஎஸ்டி எண்ணோடு பில் தராதவரிடம் வாங்காதீர்கள். தனி ஆள் கணக்குக்கு முழுப் பணம் அனுப்பாதீர்கள். 'பியூர் சில்க்' என்று அச்சடித்த அட்டைக்கு மதிப்பே இல்லை, எங்களுக்கும் ஒன்று வந்தது. ஹாலோகிராமும் எண்ணும் உள்ள சில்க் மார்க் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் பட்டுக்கு மட்டும்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு இல்லை. ஜரிகையில் எவ்வளவு வெள்ளி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நூலைக் கொளுத்திப் பார்க்கும்வரை, யார் என்ன சொன்னாலும், ப்ளவுஸ் துணியில் கத்தரி வைக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று, சைபர் கிரைமுக்கு 1930-இலும் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கல்யாணம் முடிந்த கையோடு போடப்போகிறேன். மண்டபத்து லைட் என்ன நிறம் என்று உங்களையும் ஒரு அம்மாள் கேட்டிருந்தால், பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்தே போடலாம்.