பழைய எஞ்சினுக்கு உயிர் கொடுக்க ஆசையா? லிஸ்டர், கிர்லோஸ்கர், மண்ணெண்ணெய் எஞ்சின்: ஓர் ஒப்பீடு

பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி, பிரித்துத் துடைத்து, மறுபடி ஓடவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சின்னதாகப் பார்த்துத்தான் தேடுகிறார்கள். ஒரே ஆள் தூக்கிவிடலாம், மொட்டை மாடியில் வைத்து வேலை பார்க்கலாம், காசும் குறைவு. எஞ்சின் சின்னதென்றால் வேலையும் சின்னதாகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பது என் கட்சி. இடம் மட்டும் இருந்தால், முதல் எஞ்சினாக 300 கிலோவுக்கு மேல் கனக்கும் லிஸ்டரையே எடுங்கள் என்பேன். காரணம், மற்ற இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் விளங்கும்.

நம் ஊர்ப்பக்கம் கைக்கு எட்டுகிறவை மூன்று வகை. கிராமத்தில் ‘ஆயில் எஞ்சின்’ என்றாலே மனதில் வருகிற, இருபுறமும் பெரிய சக்கரம் வைத்த லிஸ்டர் வகை ஒன்று. கிர்லோஸ்கர் ஏவி1 இன்னொன்று. மூன்றாவது, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டுகிற சின்ன எஞ்சின்கள்: வில்லியர்ஸ், கிரீவ்ஸ் எம்.கே. வரிசை, ஹோண்டா ஜி.கே. வரிசை. கரன்ட் மோட்டார் வந்தபோதே இவற்றுக்கு வேலை குறைந்தது. 1990இல் விவசாய மின்சாரம் இலவசமானதும், கனெக்‌ஷன் வைத்திருந்தவர்கள் எஞ்சின் கொட்டகைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். அப்படிக் கைவிடப்பட்டவைதான் இன்று காயலான் கடைகளில் எடைக்கு வந்து நிற்கின்றன.

லிஸ்டர்: ஒளிவு மறைவு இல்லாத எஞ்சின்

இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற சின்ன ஊரில் 1867இல் தொடங்கிய ஆர்.ஏ. லிஸ்டர் கம்பெனி, 1930 வாக்கில் சி.எஸ். என்ற டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பல எஞ்சின்களுக்கு ஹெட்டில் விளக்கு வைத்துச் சூடு காட்ட வேண்டும். இது அப்படிக் கேட்காது, கையால் சுற்றியே கிளம்பிவிடும். அதன் 6/1 வகைக்கு ஒரே சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு வெறும் 650 சுற்று. சிலிண்டர் விட்டம் 114.3 மி.மீ., ஸ்ட்ரோக் 139.7 மி.மீ. டர்ஸ்லியில் 1987 வரை இதைச் செய்தார்கள். ஆனால் நம் கிணற்றடியில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகளில் அதே வடிவில் வார்த்தவை. தகட்டில் விதவிதமான பெயர் இருக்கும், உள்ளே எஞ்சின் ஒன்றுதான்.

கற்றுக்கொள்கிறவருக்கு இதில் என்ன லாபம்? வால்வைத் திறந்து மூடுகிற புஷ் ராட், ராக்கர், வால்வு ஸ்பிரிங் எல்லாம் வெளியே ஆடிக்கொண்டிருக்கும். எது எப்போது திறக்கிறது, எது எப்போது மூடுகிறது என்று நின்று பார்க்கலாம். பிளக் இல்லை, காயில் இல்லை, பேட்டரி இல்லை. டீசல் சரியாகப் போக வேண்டும், சிலிண்டருக்குள் காற்றின் அமுக்கம் (கம்ப்ரஷன்) நிற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டையும் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம்.

முதலில் டீசல். பம்பைக் கையால் அடிப்பதற்கென்றே ஒரு லீவர் உண்டு. அதை அடித்தால், ஒவ்வொரு அடிக்கும் நாசில் ‘க்ரீக்’ என்று கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் டீசல் புகையாகப் பீய்ச்சுகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் லீவர் சோம்பலாக இறங்கினால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது நாசில் ஒழுகுகிறது. அடுத்து அமுக்கம். டீசலை அடைத்துவிட்டு, சக்கரத்தை மெதுவாகக் கையால் தள்ளினால் ஓரிடத்தில் அது எதிர்த்துத் திருப்பித் தள்ள வேண்டும். தள்ளாமல் ‘புஸ்’ என்று இறங்கினால் காதைக் கொண்டு போங்கள். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் கிளீனரில் கேட்டால் இன்லெட் வால்வு, அடிப்பெட்டியான க்ராங்க் கேஸில் கேட்டால் பிஸ்டன் ரிங். ஒரு சத்தத்துக்கு ஒரு குற்றவாளிதான். இந்த நேர்மை மற்ற இரண்டு வகையிலும் கிடையாது.

டைமிங் வைப்பதும், அதாவது டீசல் எந்த நேரத்தில் பாய வேண்டும் என்று சரிசெய்வதும், இதே மாதிரிதான். பம்பின் தலையில் உள்ள டெலிவரி வால்வைக் கழற்றிவிட்டு, வளைந்த சிறு குழாய் ஒன்றை மாட்டி, டேங்கைத் திறந்துவிட்டால் டீசல் சொட்டும். சக்கரத்தை ஓடுகிற திசையில் மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சொட்டு நின்றுபோகும். பம்ப் டீசலை அமுக்கத் தொடங்குகிற இடம் அதுதான். அதைச் சக்கரத்தில் உள்ள குறியோடு ஒப்பிட்டு, பம்புக்குக் கீழே உள்ள டாப்பெட் போல்ட்டைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ விட்டால் முடிந்தது. புத்தகத்தில் படம் போட்டு விளக்கினால் அரை நாள் குழம்புகிற விஷயம், இங்கே கண்ணெதிரே நிகழ்கிறது.

ராஜ்கோட் எஞ்சினில் ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது: வார்ப்பு மணல். க்ராங்க் கேஸை வார்த்தபோது ஒட்டிய மணலைச் சுத்தமாகத் தட்டி எடுக்காமல், அதன் மேலேயே பெயின்ட் அடித்து அனுப்பியவை நிறைய. இதில் பேரிங்குக்கு ஆயில் போவது தெளிப்பு முறையில். கனெக்டிங் ராடின் அடியில் உள்ள ஒரு கரண்டி ஆயிலை அள்ளி எறியும். வடிகட்டி எதுவும் கிடையாது. பெயின்ட் உரிந்து விழுந்த மணல் ஆயிலோடு சேர்ந்து பேரிங்கைத் தின்னும். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் கை முழுதாக உள்ளே போகும். மூலை முடுக்கெல்லாம் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். அதுவரை ஸ்டார்ட் செய்வதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிற வாட்டர் ஜாக்கெட்டிலும் வேலை இருக்கும். கிணற்றிலிருந்து இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு சின்னக் குழாய் பிரித்து எஞ்சினுக்குள் விடுவதுதான் நம் வழக்கம். உப்புத் தண்ணீர் ஊர் என்றால் உள்ளே சுண்ணாம்பாகப் படிந்திருக்கும். எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரை ஊறவிட்டு, வடித்து, மறுபடி ஊறவிட வேண்டும். பொறுமை போதும், செலவு கம்மி.

குறைகளும் சொல்ல வேண்டும். எடை முதல் குறை. வண்டியிலிருந்து இறக்கவே செயின் பிளாக் வேண்டும். கான்கிரீட்டிலோ கனத்த மரச் சட்டத்திலோ போல்ட் போட்டு நிறுத்தாவிட்டால் எஞ்சின் அதிர்ந்து இடம்விட்டு நகரும். சக்கரங்களுக்கு மூடி கிடையாது என்பதால் வேட்டி, துண்டு, துப்பட்டாவோடு பக்கத்தில் போகக் கூடாது. பிள்ளைகள் வந்து போகிற வீட்டில் கம்பி வலை அடித்த பிறகே ஓட்ட வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் கை தப்பும்.

கிர்லோஸ்கர் ஏவி1: நல்ல எஞ்சின், ஆனால்...

மெக்கானிக்கல் படித்தவர்களில் பலர் இதைக் கல்லூரி லேபிலேயே பார்த்திருப்பார்கள். கயிற்றைச் சுற்றி எடை தொங்கவிட்டு ‘லோட் டெஸ்ட்’ எடுக்கிற அந்த எஞ்சின் பெரும்பாலும் கிர்லோஸ்கர்தான். புனேயில் 1946இல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் கம்பெனியின் ஏவி1க்கு 80 மி.மீ. விட்டம், 110 மி.மீ. ஸ்ட்ரோக், 5 குதிரைத்திறன், 1500 சுற்று. லிஸ்டர் 6/1இல் பாதிகூட இல்லாத கொள்ளளவு. வேகம் இரண்டு மடங்குக்கு மேல்.

ஸ்பேர் விஷயத்தில் இதை அடிக்க ஆளில்லை. லைனர், பிஸ்டன், ரிங் செட், பேரிங் ஷெல், கேஸ்கெட் எல்லாம் கொஞ்சம் பெரிய ஊர் எதிலும் கடையில் கேட்டு வாங்கலாம். வேலை தெரிந்த மெக்கானிக்கும் ஊருக்கு ஒருவர் இருப்பார். தோட்டத்தில் நிஜமாகவே தண்ணீர் இறைக்கவோ, சின்ன ஜெனரேட்டர் ஓட்டவோ எஞ்சின் வேண்டுமென்றால் வேறு யோசனையே வேண்டாம், இதைத்தான் எடுக்க வேண்டும்.

பொழுதுபோக்காக எடுக்கிறவருக்கு அந்த வசதியே குறையாகிவிடுகிறது. தேய்ந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவதுதான் பாதி வேலை. ஆயில் பம்ப், சின்னச் சின்ன துவாரங்கள், மூடிய உடம்பு என்று எல்லாம் உள்ளே நடப்பதால், தப்பு எங்கே என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு முறையும் பிரிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, இந்த எஞ்சின் இன்னும் ஆயிரக்கணக்கான இடங்களில் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் காப்பாற்ற வேண்டிய நிலையில் அது இல்லை.

மண்ணெண்ணெய் எஞ்சின்: சின்ன உடம்பு, பெரிய தலைவலி

வில்லியர்ஸ் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் கம்பெனி. அங்கே தோட்டக் கருவிகள் பலவற்றில் இவர்களுடைய எஞ்சின்தான். ஆக்ஸ்ஃபர்டில் 1935 முதல் 1973 வரை செய்த ஆலன் ஸ்கைத் என்ற புல்வெட்டும் இயந்திரத்திலும் பெரும்பாலும் இதுவே இருந்தது. அந்நாட்டில் பழைய தோட்டக் கருவிகளைச் சேர்ப்பவர்கள் இன்றும் இவற்றைப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இதே குடும்பத்து எஞ்சின்கள் சின்ன பம்பிலும் தெளிப்பானிலும் உழைத்தன.

ஓட்டுகிற முறை அழகானது. பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் டேங்கில் தனித்தனி அறை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் டேங்கின் அடியில் உள்ள திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்று, மறுநாள் கயிறு இழுத்து இழுத்துத் தோள்தான் வலிக்கும்.

தலைவலி, பிளக்குக்கு ஸ்பார்க் தருகிற மேக்னெட்டோவில் தொடங்குகிறது. பாயிண்ட், கண்டென்சர், காயில் மூன்றும் ஃப்ளைவீலுக்கு உள்ளே. ஃப்ளைவீலை, இழுத்துக் கழற்றுகிற கருவியான புல்லர் போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் க்ராங்க் ஷாஃப்டுக்கும் காந்தத்துக்கும் கேடு. சரி, கழற்றியாயிற்று, பாயிண்ட்டைத் தேய்த்தாயிற்று, பிளக்கில் நீல நிறத்தில் ஸ்பார்க்கும் வருகிறது. எஞ்சின் கிளம்பி அருமையாக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறது. ஆறவிட்டு இழுத்தால் மறுபடி ஓடுகிறது.

இந்த ஒரே அறிகுறிக்கு எத்தனை காரணங்கள் என்று பாருங்கள். சூட்டில் காயிலின் உள் சுற்று விட்டுப்போகலாம். கண்டென்சர் சூட்டில் ஒழுகலாம். டேங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்து எரிபொருள் இறங்காமல் போகலாம். வால்வுக்கு இடைவெளி போதாமல், சூட்டில் நீண்டு மூடாமல் நிற்கலாம். நான்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அனுபவம் உள்ளவர் முதலில் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார், அப்புறம் கண்டென்சரை மாற்றுவார். புதிதாக வந்தவர் மாதக் கணக்கில் கார்புரேட்டரையே கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். இந்தப் பொழுதுபோக்கைப் பாதியில் விட்டவர்களில் பலர் இங்கேதான் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எரிபொருளும் ஒரு சிக்கல். ரேஷன் கடையின் நீல மண்ணெண்ணெய் இப்போது சுருங்கிவிட்டது. பெட்ரோலிலேயே ஓட்டலாம், அமுக்கம் குறைவான எஞ்சின் என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. மண்ணெண்ணெயில் ஓட்டினால் ஆயில் அளவை அடிக்கடி பாருங்கள். ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருந்தால், எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக இறங்கிக் கலந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

யாருக்கு எது?

அடுக்குமாடி வீட்டில் இருக்கிறவர், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர், ஏற்கெனவே பைக் எஞ்சின் பிரித்துப் பழகியவர்: மண்ணெண்ணெய் எஞ்சினைத் தாராளமாக எடுக்கலாம். அதிலும் கிரீவ்ஸ் அல்லது ஹோண்டாவைப் பாருங்கள். அசல் வில்லியர்ஸ் பாகங்களுக்கு நம் பக்கத்தில் அலைச்சல் அதிகம். கண்டென்சரை மட்டும் பைக்குடையது ஒன்றை வாங்கி வெளியில் மாட்டிவிட்டால், அடுத்த முறை ஃப்ளைவீலைக் கழற்றாமலே மாற்றலாம்.

தோட்டமோ, காலி மனையோ, பழைய எஞ்சின் கொட்டகையோ இருக்கிறவருக்கு லிஸ்டர். இதில் இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். காயலான் கடையில் எல்லாம் கிலோ கணக்குதான். கனம் அதிகம் என்பதாலேயே லிஸ்டர்தான் முதலில் சம்மட்டிக்குப் போகிறது. சக்கரம் இரண்டையும் உடைத்தாலே நல்ல காசு. ஒவ்வொரு வருஷமும் இருப்பது குறைகிறது. ஏவி1 இன்னும் சில வருஷம் பொறுத்தாலும் கிடைக்கும், இது கிடைக்காது.

வாங்கப் போகும்போது சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துப் போங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலையும் மெல்லத் தட்டினால் கோயில் மணி போல ஒலிக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஓட்டைச் சத்தம் வந்தால் விரிசல். அந்தச் சக்கரத்தோடு எஞ்சின் எந்த விலைக்கும் வேண்டாம். பிஸ்டன் பிடித்து நின்றிருந்தால் பயப்பட வேண்டாம், டீசல் ஊற்றி வாரக் கணக்கில் ஊறவிட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். மைகோ கம்பெனியின் டீசல் பம்பும் நாசிலும் எடைக்காரர் முதலில் கழற்றி விற்கிறவை. அவை இல்லையென்றால் அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள், புதிதாகவே கிடைக்கும். பெயின்ட் உரிந்திருப்பதைக் காட்டி மட்டும் பேரம் பேசாதீர்கள். அந்தப் பழைய பச்சை நிறத்தை அப்படியே விட்டு, ஆயில் துணியால் துடைத்து வைப்பதுதான் நல்லது.