வளர்ச்சி ஊசி: வயலா, பேனாவா?

போன மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் மகளின் எக்ஸ்ரே கவர். பிள்ளைக்கு எட்டு வயசாம், பார்த்தால் ஐந்து என்றுதான் சொல்லத் தோன்றும். "வயல் வாங்கவாக்கா, பேனா வாங்கவா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயதில் வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு என்று உறுதியானது. வருஷத்துக்கு 5 சென்டிமீட்டராவது வளர வேண்டிய வயதில் அவன் மூன்றரைதான் வளர்ந்திருந்தான். மூன்று வருஷம் வயல் போட்டோம், இப்போது ஒரு வருஷமாகப் பேனா. (வயல் என்றால் மருந்துப்பொடி வரும் சின்னக் கண்ணாடிக் குப்பி, பேனா என்றால் மருந்து உள்ளேயே இருக்கும் பேனா மாதிரியான ஊசி. என் மாமியாருக்கு வாடிப்பட்டிப் பக்கம் நெல் விவசாயம். முதல் நாள் நான் "அத்தை, வயலை ஃப்ரிட்ஜுல வச்சுட்டேன்" என்றதும் அவர் முழித்த முழியை நினைத்தால் இன்றைக்கும் வீட்டில் சிரிப்புதான்.)

மருந்து இரண்டிலும் சொமட்ரோபின் என்கிற வளர்ச்சி ஹார்மோன்தான். எடையைப் பார்த்து அளவு எழுதுவது, ராத்திரி படுக்கும் முன் போடுவது, தொடை, வயிறு என்று இடம் மாற்றிக்கொண்டே இருப்பது எல்லாம் பொது. வலியிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. எங்களுக்குக் கிடைத்த விலையில் வயல் மலிவு. அதில் ஆரம்பித்ததற்கு வேறு காரணம் கிடையாது.

வயலில் சிரமம் கலக்குவதில்தான். மருந்தோடு வரும் தண்ணீரைப் பொடியின் மேல் பீய்ச்சக் கூடாது, குப்பியின் சுவரோடு வழியவிட வேண்டும். குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். என்னைக் கவிழ்த்தது சிரிஞ்சு. இன்சுலின் சிரிஞ்சில் சிவப்பு மூடி யு-40, அதாவது மில்லிக்கு 40 யூனிட். ஆரஞ்சு மூடி யு-100, மில்லிக்கு 100. இவனுக்கு 0.3 மில்லி என்றால் சிவப்பில் 12-வது கோடு, ஆரஞ்சில் 30-வது கோடு. ஒருமுறை மெடிக்கலில் ஆரஞ்சைக் கொடுத்திருக்கிறார்கள், நானும் கவனிக்காமல் பழக்கதோஷத்தில் 12-வது கோடு வரைக்குமே இழுத்திருக்கிறேன். நாலு நாள் பிள்ளைக்குப் போனது பாதி மருந்துகூட இல்லை.

பேனாவில் இந்தக் கணக்கு இல்லை. அளவைத் திருகி வைத்து, குத்தி, பொத்தானை அழுத்திப் பத்து எண்ணிவிட்டு எடுத்தால் முடிந்தது. ஆனால் நஷ்டம் என்று வந்தால் பெரிதாக வரும். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போனோம். சூட்டுக்குப் பயந்து ஐஸ் பேக்கின் மேலேயே பேனாவை வைத்து எடுத்துப் போனேன். போய்ப் பார்த்தால் மருந்து உறைந்திருக்கிறது. உறைந்ததை உருக்கிப் போடக் கூடாது. பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழாய், அந்தக் கார்ட்ரிட்ஜ் முழுசாகக் குப்பைக்குப் போனது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சில பேனாக்களைத் திறந்தபின் 25 டிகிரி வரை மூன்று வாரம் வெளியே வைக்கலாம் என்பார்கள். மார்கழி ராத்திரியைத் தவிர மதுரையில் எந்த அறை 25-இல் நிற்கிறது?

இவ்வளவு சொன்னபிறகும் நான் பேனா கட்சிதான். காரணம் கையும் இல்லை, கணக்கும் இல்லை, பையனின் வயசு. பன்னிரண்டு நெருங்கியதும் அவன் என் முன்னால் டவுசரை ஒதுக்க மறுத்தான். வயிற்றில் போடலாம் என்றால் சட்டையைத் தூக்கவும் கூச்சம். கூடப் படிக்கிறவர்களுக்குக் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது. இவன் இன்னும் பிரேயரில் முதல் ஆளாக நிற்கிறான். அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, ஒன்பதரை மணியானால் வீட்டில் சண்டை. சில நாள் நான் ஜெயிப்பேன். சில நாள் "சரி, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடுவேன்.

விடவே கூடாத வயசு அது. எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கிற வரைக்கும்தான் இந்த ஊசிக்கு வேலை. பருவம் வந்தால் அந்த ஹார்மோன்கள் உயரத்தையும் சட்டென்று ஏற்றும், தட்டுகளையும் மூடத் தொடங்கும். ஆண் பிள்ளைக்கும் மூடுவது பெண் ஹார்மோன் என்று சொல்லும் ஈஸ்ட்ரோஜன்தான், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பே அதைச் செய்துகொள்கிறது என்று டாக்டர் சொன்னபோது என் கணவர் நம்பவே இல்லை. எலும்பு வயது (எக்ஸ்ரேயில் எலும்பின் வளர்ச்சியைப் பார்த்துச் சொல்லும் வயது) பையனுக்கு 16, பெண்ணுக்கு 14 வாக்கில் வந்தாலோ, வருஷ வளர்ச்சி 2 சென்டிமீட்டருக்குக் கீழே போனாலோ பொதுவாக ஊசியை நிறுத்திவிடுவார்கள். இவனுக்குப் பதின்மூன்று வயசு, இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது பத்தரை. பாக்கி இருக்கிற வருஷங்கள் அவ்வளவுதான். "வயசுக்கு வந்தா வளர்ந்துருவான், அவங்க தாத்தாவும் லேட்டுதான்" என்று சொந்தக்காரர்கள் சொல்வது வெறும் தாமதமாக இருந்தால் சரி. இந்தக் குறைபாட்டுக்கு அது பொருந்தாது. ஊசி பருவத்தைக் கொண்டுவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் மற்ற ஹார்மோன்களும் குறைந்திருந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும். எங்கள் விஷயத்தில் அது இனிமேல்தான் தெரியும்.

பேனா வந்ததும் அவனே போட்டுக்கொள்கிறான். அறைக் கதவைச் சாத்திக்கொள்வான், பேனா டிக் டிக்கென்று திருகும் சத்தம் மட்டும் கேட்கும். சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடிக் கணக்கைப் பன்னிரண்டு வயதுப் பையன் கையில் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

விலைதான் உறுத்துகிறது. எடை ஏற ஏற மருந்தும் ஏறும். கிலோவுக்கு 0.03 மி.கி. என்று வைத்தால், 22 கிலோவில் தினம் 0.66 மி.கி. போட்டது 36 கிலோவில் 1.08 ஆகிவிடுகிறது. முடியாதவர்கள் வயலிலேயே தொடர்வதில் தப்பே இல்லை, நாள் விடாமல் போட்டால் போதும். திருமங்கலத்து அம்மாவுக்கு என் யோசனை, இப்போது வயல், பத்து வயதுக்குள் டாக்டரைக் கேட்டுப் பேனாவுக்கு மாறிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பருவம் முந்தி வரும்.

வாரம் ஒரு ஊசியும் இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 2021-இல் ஒன்றும், 2023-இல் இரண்டும் அனுமதி பெற்றன. 365 குத்து 52 ஆகும் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? நாங்கள் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் இந்தப் பந்தயத்தில் அதைச் சேர்க்கவில்லை.

பழைய எண்ணெய் டப்பா ஒன்றில் போட்டு முடித்த ஊசிமுனைகளைப் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணுவேன், ஏழு இருக்க வேண்டும். போன வாரம் ஆறுதான் இருந்தது. கேட்டதற்கு, தலையைத் தூக்காமலே "வியாழக்கெழம தூங்கிட்டேம்மா" என்றான்.