ரை விஸ்கி: சொந்த வடிப்பா, வாங்கி அடைத்ததா?

அமெரிக்கச் சிறு வடிசாலைகளின் பெயரில் வரும் ரை விஸ்கியில் (கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்திலிருந்து வடிப்பது) இரண்டு வகை உண்டு. ஒன்று, தானியத்தை அவர்களே கூழாக்கி, புளிக்கவிட்டு, வடித்தது. மற்றது, பெரிய ஆலையில் முதிர்ந்த சரக்கை வாங்கிப் பாட்டிலில் அடைத்தது. இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் வடிக்கும் 95 சதவீத ரை, 5 சதவீத பார்லி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சரக்கு இந்த வகையில் மிகப் பிரபலம். சட்டப்படி 51 சதவீத ரை இருந்தாலே போதும் என்பதால், இது ரை தூக்கலான கலவை. பின் லேபிளில் 'வடித்தவர்' என்று இருக்கிறதா, 'அடைத்தவர்' என்று மட்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரண்டையும் ஒப்பிடும்போது ஆல்கஹால் அளவு சமமாக இருக்க வேண்டும். ஒன்று 50 சதவீதம், மற்றது 45 சதவீதம் என்றால், முதலாவதன் 20 மி.லி.யில் சுமார் 2.2 மி.லி. தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் சேருங்கள். இல்லாவிட்டால் ஆல்கஹாலின் எரிச்சலையே ரையின் காரம் என்று நாக்கு நம்பிவிடும். வாய் குறுகிய கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள்.

வாங்கி அடைத்ததில் சதகுப்பை, புதினா, வெனிலா மணம் தெளிவாக வரும், பிசிறு இருக்காது. பாட் ஸ்டில் என்ற பானை வடிவ வடிகலனில் வடித்த சொந்தச் சரக்கில் மிளகும் கிராம்பும் ஈரத் தானிய வாசமும் முந்தும், நாக்கில் எண்ணெய்ப் பதம் நிற்கும். தானியத்தின் ஃபெருலிக் அமிலத்தைச் சில ஈஸ்ட்கள் மாற்றுவதால் வருவதுதான் அந்தக் கிராம்பு மணம்.

தவறுகளும் சொந்த வடிப்பில்தான் அதிகம். நகப்பூச்சு வாடை வந்தால், வடிப்பின் தொடக்கப் பகுதியைச் சரியாக வெட்டி ஒதுக்கவில்லை. நனைந்த அட்டை வாடை என்றால், கடைப்பகுதி கலந்துவிட்டது. இவற்றைவிடப் பெரிய சிக்கல் சிறு பீப்பாய். வழக்கமான 200 லிட்டருக்குப் பதில் 40 லிட்டர் பீப்பாயில் வைத்தால் மரத்தோடு உரசும் பரப்பு கூடி, நிறமும் துவர்ப்பும் சீக்கிரம் ஏறும். ஆனால் காற்றோடு மெல்ல நடக்கும் மாற்றங்களுக்குக் காலம் போதாது. அதனால் பார்க்க அடர் நிறம். குடித்தால் பச்சைத் தானியமும் மரத்தூளும்.

தனியாகப் பருக, 200 லிட்டர் பீப்பாயில் நான்காண்டு இருந்த சொந்த வடிப்புக்கே எங்கள் ஓட்டு. அதில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' முத்திரை இருந்தால் இன்னும் நல்லது: 1897 சட்டத்தின் வழிவந்த அந்த விதிப்படி ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்காண்டு முதிர்ச்சி, 50 சதவீத ஆல்கஹால். விஸ்கியோடு வெர்மூத் (மூலிகை மணமூட்டிய ஒயின்) சேரும் மன்ஹாட்டன் காக்டெயில் கலக்க வாங்கி அடைத்ததே போதும். இளம் சரக்கின் தானியக் கசப்பு வெர்மூத்தோடு மோதும்.