ரிக்கோவா, வாண்டோரனா, லெஜேரா? குமரி மாவட்டக் கிளாரினெட்காரர்களுக்கு ஒரு ரீடு கணக்கு

கிளாரினெட்டின் மவுத்பீஸில் (ஊதுகிற வாய்ப்பகுதியில்) மாட்டுகிற மெல்லிய நாக்குதான் ரீடு, பெரும்பாலும் நாணலில் சீவியது. அதை வாங்கும்போது பெட்டி விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். பெட்டியில் இருக்கிற பத்து ரீடில் எத்தனை ஊத உதவும், ஒவ்வொன்றும் எவ்வளவு நாள் தாங்கும், நாம் ஊதுவது சர்ச்சுக்குள்ளேயா, சப்பரத்துக்கு முன்னாலா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேண்டு செட்டில் இருக்கிறவர்களும் பாடகர் குழுவில் இருக்கிறவர்களும் சேர்ந்தால் பேச்சு மூன்று கம்பெனிப் பெயர்களில்தான் சுற்றும்: ரிக்கோ, வாண்டோரன், லெஜேர்.

முதலில் விலை. ரிக்கோவின் ஆரஞ்சுப் பெட்டி ஒரு பங்கு என்றால், வாண்டோரனின் நீலப் பெட்டி ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. அதே கம்பெனியின் தடித்த வகையான வி 12 அதற்கும் மேல். லெஜேர் ஒரே ஒரு ரீடுதான், ஆனால் ஒரு நீலப் பெட்டி விலைக்குப் பக்கத்தில் வரும். கடைக்குக் கடை ரூபாய் மாறினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

ரிக்கோ அமெரிக்கத் தயாரிப்பு. 2004இல் டடாரியோ நிறுவனம் அதை வாங்கிவிட்டது. ஆரஞ்சுப் பெட்டி ரீடு மெல்லிசாக, எளிதாகப் பேசும். நம்பர் கூடக் கூட ரீடு கடினம். புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டாம் நம்பர் அல்லது இரண்டரை கொடுத்தால் முதல் வாரத்திலேயே சத்தம் வந்துவிடும். அந்த உற்சாகம் பெரிய விஷயம். ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒலி மெலிந்து கூர்மையாகிவிடுகிறது. ஒரே பெட்டிக்குள் ஒரு ரீடுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமும் அதிகம். பத்தில் பாதி தேறினால் நல்ல பெட்டி என்பேன்.

வாண்டோரன் பாரிஸில் 1905இல் தொடங்கியது. தொடங்கியவர் யூஜின் வான் டோரன், பாரிஸ் ஓப்பராவில் கிளாரினெட் வாசித்தவர். வாசிக்கிறவர் தன் தேவைக்குச் செய்த பொருள் என்பது நீலப் பெட்டி ரீடில் இன்றைக்கும் தெரிகிறது. தெற்கு பிரான்ஸின் வார் பகுதியில் வளரும் நாணலை வெட்டி, வெயிலில் காயவைத்து, நன்றாகப் பதப்பட்ட பிறகே சீவுகிறார்கள். நீலப் பெட்டி ரீடின் அடிப்பகுதி 2.8 மில்லிமீட்டர் தடிமன், வி 12 ரீடு 3.15 மில்லிமீட்டர். இந்தச் சின்ன வித்தியாசம் காதுக்குக் கேட்கும். வி 12இல் கீழ் ஸ்தாயி திரண்டு வரும், ஆனால் மூச்சு கூடுதலாகத் தேவைப்படும். சர்ச்சில் ஆர்கனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீர்த்தனை வாசிக்க வி 12 மாதிரி சுகம் கிடையாது. அதே ரீடை வைத்துக்கொண்டு மூன்று தெரு நடந்து ஊதினால் உதடு விட்டுப்போகும்.

தேறுகிற கணக்குக்கு வருவோம். ரிக்கோ பெட்டியை 100 என்று வைத்து, ஐந்து தேறினால் ஒரு நல்ல ரீடின் விலை 20. வாண்டோரன் பெட்டி 150, ஏழு தேறினால் 21 சொச்சம். அவ்வளவுதான் வித்தியாசம்! அதற்கு மேல், வாண்டோரன் ரீடின் நுனி சீக்கிரம் தளர்வதில்லை. “வாண்டோரன் பணக்காரர்களுக்கு அண்ணே” என்று சொல்கிற தம்பிகள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும். உண்மையில் விலை கூடியது கடையில் சில்லறையாக, நம்பர் அழிந்து, உறை இல்லாமல் கிடைக்கிற ஒற்றை ரீடுதான். அது தேறாவிட்டால் போட்ட காசு முழுவதும் போச்சு. அதைவிட மோசம், பிள்ளை தனக்கு வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். படிக்கிற பிள்ளைக்கு ஒற்றை ரீடு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நம்பரில் ஒரு எச்சரிக்கை. இரண்டு கம்பெனிகளின் நம்பரும் ஒன்றல்ல. வாண்டோரன் பொதுவாக அரை நம்பர் கடினம். ரிக்கோ மூன்றில் வாசிக்கிறவர் நீலப் பெட்டிக்கு மாறும்போது இரண்டரையில் தொடங்குவது நல்லது. மவுத்பீஸின் வாய் அகலமாக இருந்தால் இன்னும் மெல்லிய ரீடு வேண்டும், குறுகலாக இருந்தால் கடினமானது.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சங்கதி, வானிலை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையும் நமக்கு உண்டு. குளச்சல் பக்கம் கடற்காற்றின் ஈரத்தில் ரீடு ஊறி உப்புகிறது, பூஞ்சை பிடிக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகள் சுழலுகிற காற்றில் வெளியே நின்று வாசித்தால், ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் நுனி காய்ந்து அலையலையாக நெளிந்துவிடும். உடனே கீச்சிடும். ஒரே நாளில் இரண்டு இடத்திலும் வாசிக்கிறவர்கள் பேண்டு செட்டில் நிறைய. நாணல் ரீடுக்கு இது பெரிய சோதனை. வாண்டோரன் ஒவ்வொரு ரீடையும் தனி உறையில் காற்றுப் புகாமல் அடைத்துத் தருவது நம் ஊருக்கு உண்மையிலேயே உதவுகிறது. பிரிக்கிற வரைக்கும் உள்ளே இருக்கும் ரீடு கெடாது.

லெஜேர் வெல்வது இங்கேதான். 1998இல் கனடாவில் தொடங்கிய கம்பெனி, ரீடு பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். எச்சிலில் ஊறவைக்க வேண்டாம், காயாது, நெளியாது. பெட்டியைத் திறந்து மாட்டினால் உடனே ஊதலாம். நம்பரும் கால் கால் படியாகக் கிடைக்கிறது, அதனால் உதட்டுக்குச் சரியானதைப் பிடிக்க முடியும். வெயிலில் சூடேறினால் கொஞ்சம் இளகும், ஊர்வலத்துக்கு என்றே வாங்குகிறவர்கள் கால் நம்பர் கூட்டி வாங்கலாம். ஒலியில் நாணலின் அந்த மணம் குறைவு என்பதே என் காதின் தீர்ப்பு. தெருவில் டிரம்மும் டிரம்பட்டும் முழங்கும்போது அந்தக் குறை யாருக்கும் தெரியாது. அமைதியான ஆராதனையில் தெரியும்.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்களுக்கு என் பதில் வேறு. கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜன் வளர்த்தெடுத்த வழியில் கமகத்தைக் கொண்டுவர விரலால் துளையைப் பாதி மூடுவதோடு உதட்டாலும் சுரத்தை வளைக்க வேண்டும். கடின ரீடு அதற்கு இடம் கொடுக்காது. நீலப் பெட்டியில் இரண்டு அல்லது இரண்டரை போதும். திருவாவடுதுறையில் நாகஸ்வரச் சீவாளி செய்கிறவர்கள் இருக்கும்போது இதையும் நம் நாட்டிலேயே செய்யக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். சீவாளி இரட்டை நாக்கு, கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு. சீவுகிற முறையே வேறு. ஆனாலும் அந்தக் கை வேலை தெரிந்த ஒருவர் முனைந்தால் முதல் பெட்டியை வாங்க நான் தயார்.

சரி, எதை வாங்குவது? தொடங்குகிறவருக்கு ரிக்கோ இரண்டு, முழுப் பெட்டியாக. ஒரு வருடம் தாண்டிய பிறகு நீலப் பெட்டி. பேண்டு செட்டில் ஊதுகிறவர் நீலப் பெட்டியோடு ஒரு லெஜேரும் பையில் வைத்திருக்கட்டும். வி 12, பாடகர் குழுவில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு மட்டும்.

டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா, அப்புறம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று வேலை அடுத்தடுத்து வரும். அக்டோபரிலேயே பெட்டியைப் பிரித்து, நான்கு ரீடு எடுத்து, முதல் நாள் ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் மட்டும் ஊதுங்கள். மறுநாள் பத்து. முடிந்ததும் துடைத்து, மவுத்பீஸிலேயே விடாமல் கழற்றி, கண்ணாடித் துண்டின் மேல் தட்டையாக வைத்துக் காயவிடுங்கள்.