புது டிசைனில் ஒரு வருடம்: பாஸ்வேர்ட் மேனேஜரோடு மல்லுக்கட்டு

திருப்பூரில் சின்னதாக ஒரு வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகள், நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் யூனிட்டுகள், கொஞ்சம் மளிகை மொத்த வியாபாரிகள், இவர்கள்தான் கிளையன்டுகள். ஒவ்வொருவருக்கும் ஜிஎஸ்டி லாகின் ஒன்று, சரக்கு அனுப்பப் போடும் இ-வே பில்லுக்கு ஒன்று, வருமான வரிக்கு ஒன்று. டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடிப்பவராக இருந்தால் அதற்கான டிரேசஸ் தளம், ஆள் அதிகமிருந்தால் பிஎஃப், இஎஸ்ஐ. ஆளுக்கு ஐந்தாறு பாஸ்வேர்ட் ஆகிவிடும். கிளையன்ட் பிசிடி-05 படிவத்தில் எங்களை நியமித்துவிட்டால் எங்கள் லாகினிலேயே நுழைந்து வேலை பார்க்கலாம், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஊரில் எத்தனை பேர் அப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். "பாஸ்வேர்ட நீங்களே வெச்சுக்குங்க, மாசமாச்சுன்னா போட்டு உட்ருங்க" என்பதுதான் நடப்பு.

இதையெல்லாம் வைத்துக்கொள்ளத்தான் பல வருடமாக ஒரு பாஸ்வேர்ட் மேனேஜருக்குச் சந்தா கட்டி வருகிறேன். போன வருடம் அதன் டெஸ்க்டாப் ஆப்பை அடியோடு மாற்றினார்கள். அந்த வாரமே எழுதியிருந்தால் வெறும் புலம்பலாகப் போயிருக்கும். எந்த ஆப் மாறினாலும் முதல் மாதம் எரிச்சலாகத்தான் இருக்கும், பிறகு கை பழகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்போது ஒரு வருடம் ஓடிவிட்டதால் எது பழகியது, எது பழகவே இல்லை என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. ஆப்பின் பெயரைச் சொல்லவில்லை. இந்தக் குறைகளில் பாதி இந்த வகை ஆப்கள் பலவற்றில் பார்க்கக் கிடைப்பவைதான்.

முதலில் ஒன்றை விளக்கிவிடுகிறேன். "பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கும்போது டெஸ்க்டாப் ஆப் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும் துணை ஆப். வீட்டில் ஒரு ஜிமெயில், ஒரு பேங்க் வைத்திருப்பவருக்கு எக்ஸ்டென்ஷன் போதும். தளத்தைப் பார்த்ததும் அதற்குரிய லாகினைக் காட்டிவிடும். எங்களுக்கோ எல்லா கிளையன்டுக்கும் தளம் ஒன்றேதான். ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறந்தால் எக்ஸ்டென்ஷன் மொத்தக் கிளையன்டையும் கொண்டுவந்து கொட்டும். அதனால் டெஸ்க்டாப் ஆப்பில் பெயரைத் தேடி, யூசர்நேமைக் காப்பி செய்து, போர்ட்டலில் போட்டு, பாஸ்வேர்டைக் காப்பி செய்து போட்டு, கேப்சா எண்களை அடித்து உள்ளே போவதுதான் எங்கள் வேலை. 11-ம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி வரி கட்டும் 3பி ரிட்டர்ன். அந்த வாரங்களில் காலையிலிருந்து இரவு வரை இதே ஓட்டம். தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்ன் என்றால் 20. தொகை சின்னதுதான், ஆனால் கிளையன்ட் அதை எங்களிடம்தான் கேட்பார்.

பழைய ஆப் பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. சாம்பல் நிறப் பட்டியல், நெருக்கமான வரிகள், பெயருக்கு எதிரிலேயே யூசர்நேம். நான்கு எழுத்து அடித்தால் ஆள் வந்து நிற்பார். ஒரு ஷார்ட்கட்டுக்கு யூசர்நேம், இன்னொன்றுக்கு பாஸ்வேர்ட். மவுஸைத் தொட வேண்டியதே இல்லை. எங்கள் அலுவலகத்துப் பெண்கள் திரையைப் பார்க்காமலே செய்வார்கள், போனில் கிளையன்டோடு பேசிக்கொண்டே.

புதியதில் முதலில் அடி வாங்கியது அந்தப் பட்டியல்தான். முப்பது வரி தெரிந்த இடத்தில் பன்னிரண்டு தெரிந்தாலே அதிகம் என்று ஆனது. ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் தளத்தின் சின்னம் பெரிதாக வருகிறது. நெட்ஃபிளிக்ஸுக்கு ஒன்று, அமேசானுக்கு ஒன்று என்று வைத்திருப்பவருக்கு அது உதவும். நான் "ஜிஎஸ்டி" என்று தேடினால் திரை முழுக்க ஒரே சின்னம் மேலிருந்து கீழ்வரை வரிசை கட்டுகிறது. சின்னம் எடுத்துக்கொண்ட இடத்துக்குப் பதிலாகப் பெயரைச் சுருக்கிவிட்டார்கள். திருப்பூரில் "ஸ்ரீ" இல்லாமல் தொடங்கும் கம்பெனி எத்தனை? "ஸ்ரீ முருகன் நி…", "ஸ்ரீ முருகன் நி…" என்று இரண்டு வரி நிற்கும். ஒன்று நிட்டிங், இன்னொன்று நிட்வேர்ஸ். இருவரும் வேறு வேறு ஆட்கள், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தையும் கிடையாது. யூசர்நேமும் பட்டியலிலிருந்து போய்விட்டதால், திறந்து பார்த்தால்தான் யார் என்று தெரியும்.

தமிழில் பெயர் வைத்த பதிவுகள் இன்னும் மோசம். வரி உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்திருந்தார்கள் போல. மேலே போடும் சுழி வெட்டுப்பட்டு, 'னி'க்கும் 'னீ'க்கும் வித்தியாசமே தெரியவில்லை. இதைச் சில மாதங்களில் சரி செய்துவிட்டார்கள். பெயர் சுருங்குவதை இன்றுவரை செய்யவில்லை.

அடுத்தது காப்பி பட்டன். புது டிசைனில் பட்டன்கள் ஒளிந்திருக்கின்றன. மவுஸை அந்த வரிமேல் கொண்டுபோனால்தான் தலையைக் காட்டும். திரை சுத்தமாக இருக்க வேண்டுமாம். அப்டேட் வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அந்த காப்பி பட்டன் எங்கீங்க்கா போச்சு?" ஷார்ட்கட் இருக்கிறதே என்று பார்த்தால் அதையும் மாற்றியிருந்தார்கள். பாஸ்வேர்டுக்கு இருந்த விசைகள் இப்போது மொத்தப் பதிவையும் இன்னொரு வால்ட்டுக்கு (பாஸ்வேர்ட் பெட்டகத்துக்கு) நகலெடுக்கும் ஜன்னலைத் திறக்கின்றன. கை பழக்கத்தில் அழுத்திவிட்டு, வந்த ஜன்னலை எஸ்கேப் போட்டு மூடுவது என்பது இந்த வருடம் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. ஷார்ட்கட்டை நாமே மாற்றிக்கொள்ள அமைப்புகளில் வழியும் வைக்கவில்லை.

என்னை அதிகம் படுத்தியது டிரேசஸ். அந்த லாகினில் யூசர் ஐடி, பாஸ்வேர்ட் இரண்டோடு டான் எண்ணும் (டிடிஎஸ் பிடிப்பவருக்குத் தரும் எண்) கேட்கும். பழைய ஆப்பில் டான் எண்ணைத் தனி ஃபீல்டாகப் போட்டிருந்தோம், பாஸ்வேர்டுக்கு நேர் கீழே நிற்கும். புதியதில் நாமாகச் சேர்த்த ஃபீல்டுகள் எல்லாம் "மேலும் விவரங்கள்" என்ற மடிப்புக்குள் போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் மடிப்பைத் திறக்க வேண்டும், அடுத்த பதிவுக்குப் போனால் திரும்ப மூடிக்கொள்ளும். இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. விண்டோஸில் 2018 முதல் கிளிப்போர்ட் ஹிஸ்டரி உண்டு. அதை ஆன் செய்து வைத்திருந்தால், விண்டோஸ் விசையும் வி-யும் சேர்த்து அழுத்தினால் முன்பு காப்பி செய்ததெல்லாம் வரிசையாக வரும். இந்த ஆப்பில் பாஸ்வேர்ட் ஃபீல்டிலிருந்து காப்பி செய்வது அங்கே பதிவாகாது. நாமாகச் சேர்த்த சாதாரண ஃபீல்டிலிருந்து காப்பி செய்வது பதிவாகிறது. டான் எண் வெளியே தெரிந்தால் பரவாயில்லை. ஆனால் சிலர் பேங்க் பின், பாதுகாப்புக் கேள்விக்கான பதில் எல்லாம் அதே வகை ஃபீல்டில்தான் போட்டு வைப்பார்கள். நீங்களும் அப்படியென்றால் ஃபீல்ட் வகையை "மறைக்கப்பட்டது" என்று மாற்றிவிட்டு, ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பாஸ்வேர்ட் உருவாக்கும் கருவியையும் தொட்டிருக்கிறார்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் பாஸ்வேர்ட் 8 முதல் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சிறப்புக் குறி எல்லாம் வேண்டும். பழையதில் ஒருமுறை 15 என்று வைத்தால் அது அப்படியே நிற்கும். புதியது ஒவ்வொரு முறையும் 20-க்குத் திரும்பிப் போகிறது. ஸ்லைடரை இழுத்து இழுத்து 14, 16 என்று தாண்டி 15-ல் நிறுத்துவது தனி வித்தை.

ஏன் இப்படி மாற்றினார்கள் என்பது புரியாத விஷயம் இல்லை. புதிய ஆப் எலக்ட்ரானில் எழுதியது. கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் (Atom) என்ற தன் கோட் எடிட்டருக்காக 2013-ல் தொடங்கிய, ஆப் எழுதுவதற்கான கட்டமைப்பு அது. குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரையே உள்ளே வைத்துக்கொண்டு ஓடும். கோட் எழுதும் விஎஸ் கோட், அலுவலக அரட்டைக்கான ஸ்லாக் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் ஒரே கோட் எழுதினால் போதும், நிறுவனத்துக்குச் செலவு மிச்சம். 2021-ல் ஒன்பாஸ்வேர்ட் என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் தன் 8-ம் பதிப்பை எலக்ட்ரானுக்குக் கொண்டுபோனபோது பழைய மேக் பயனர்கள் கொதித்தது பலருக்கு நினைவிருக்கும். எனக்கு எலக்ட்ரான் மேல் கோபமில்லை. எங்கள் அலுவலகத்துப் பழைய கணினியில் திறக்கக் கொஞ்சம் யோசிக்கிறது, அவ்வளவுதான். விஎஸ் கோடும் எலக்ட்ரான்தானே, அதில் எல்லா ஷார்ட்கட்டையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். அந்த வசதி இங்கே வராததற்குக் காரணம் யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை என்பதுதான். புதிதாக வருபவர் முதல் பத்து நிமிடத்தில் என்ன பார்ப்பார் என்று யோசித்து வரைந்த திரை இது. நாள் முழுக்க அதிலேயே கிடப்பவரைக் கூப்பிட்டுக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

இதையெல்லாம் வெறும் வசதிக் குறை என்று தள்ளிவிட முடியாமல் செய்தது ஒரு நோட்பேட் ஃபைல். புது ஆப் ஜன்னலைச் சுருக்கினாலே பூட்டிக்கொள்ளும்படி வந்தது. திறக்க, மொத்த ஆப்புக்கும் சாவியான மாஸ்டர் பாஸ்வேர்டை முழுதாக அடிக்க வேண்டும். எங்கள் கணினிகளில் கைரேகை வசதி இல்லை. ஒரு 20-ம் தேதி மாலை, பக்கத்து டேபிள் பெண்ணின் கணினியில் "புதுசு" என்ற பெயரில் ஒரு ஃபைல் கண்ணில் பட்டது. அன்றைக்கு வேண்டிய கிளையன்டுகளின் யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. திட்ட மனம் வரவில்லை. "ஒவ்வொரு தடவையும் தொறக்கறதுக்குள்ள போர்ட்டலே டைம் அவுட் ஆயிருதுங்க்கா" என்றாள், அது உண்மை. அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில், பாஸ்வேர்ட் பெட்டியில் பேஸ்ட் செய்ய அனுமதியுங்கள் என்று வலைத்தளங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பேஸ்ட் செய்ய முடிந்தால் பாஸ்வேர்ட் மேனேஜர் பயன்படுத்துவது சுலபமாகும், ஆட்கள் வலுவான பாஸ்வேர்ட் வைக்க வாய்ப்பு கூடும் என்பதுதான் காரணம். அதே கணக்கு பாஸ்வேர்ட் மேனேஜருக்கும் பொருந்தாதா? பூட்டும் நேரத்தை அமைப்பில் மாற்றினோம், ஃபைலை அழித்தோம். அடுத்த பெரிய அப்டேட்டில் அந்த அமைப்பு பழையபடி திரும்பிவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பிறகு எல்லாக் கணினியிலும் போய்ப் பார்ப்பதை நானே ஒரு வேலையாக வைத்துக்கொண்டேன்.

நல்லதும் இருக்கிறது. தேடல் இப்போது குறிப்புகளுக்குள்ளும் போய்ப் பார்க்கிறது. ஜிஎஸ்டி எண்ணின் கடைசி நான்கு எழுத்தை அடித்தாலே ஆள் கிடைக்கிறார். ஒரே பாஸ்வேர்ட் எத்தனை பதிவில் இருக்கிறது என்று காட்டும் பக்கம் உண்மையாகவே உதவியது. ஒரு ஆடிட்டர் கைமாற்றிவிட்ட கிளையன்டுகள் அத்தனை பேருக்கும் ஒரே "வெல்கம் 123" வகையறா என்று அதில்தான் தெரிந்தது. ஆளுக்கு இந்த ஃபோல்டர் மட்டும் என்று பிரித்துக் கொடுப்பதும் சுலபமாகியிருக்கிறது.

நிறுவனத்துக்கு எழுதினேன். பணிவான பதில் வந்தது, தயாரிப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம் என்று. அரை வருடம் கழித்து "நெருக்கமான பட்டியல்" என்று ஒரு தேர்வு அமைப்புகளுக்குள் வந்திருந்தது, எந்த அறிவிப்பும் இல்லாமல். முப்பது வரி திரும்பவில்லை, இருபது கிடைத்தது. குரல் கொடுத்தால் ஏதோ கொஞ்சம் நடக்கிறது. 2024 இறுதியில் பிட்வார்டன் என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜர் தன் எக்ஸ்டென்ஷனை மாற்றியபோதும் இதேதான் நடந்தது. கூடுதல் கிளிக் என்று எல்லோரும் சத்தம் போட்ட பிறகு வரிகளை நெருக்கிக் காட்டும் கம்பாக்ட் மோடும், காப்பி பட்டன்களை வெளியிலேயே காட்டும் தேர்வும் வந்தன.

இதற்கிடையில் என் கணினியில் மட்டும் கீபாஸ்எக்ஸ்சி என்ற வேறொரு பாஸ்வேர்ட் மேனேஜரைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இலவசம், ஓப்பன் சோர்ஸ், தரவு நம் கணினியில் ஒரே ஃபைலாக இருக்கும். அதன் முன்னோடி கீபாஸ் 2003-ல் வந்தது; இதன் முகத்திலும் அந்தக் காலத்துச் சாயல் இருக்கிறது. ஆனால் கன்ட்ரோல்-பி யூசர்நேம், கன்ட்ரோல்-சி பாஸ்வேர்ட் என்பது அங்கே அப்படியே நிற்கிறது. ஆப்பே பெட்டிகளில் அடித்துக் கொடுக்கும் ஆட்டோ-டைப்பில் யூசர்நேம், டேப், பாஸ்வேர்ட், டேப், டான் எண் என்று வரிசையை நாமே எழுதி வைக்கலாம். டிரேசஸ் ஒரே அழுத்தில் நிரம்பியதைப் பார்த்தபோது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவே இருந்தது. சிக்கல் பகிர்வதில்தான். ஒரே ஃபைலை நான்கு பேர் திறக்கும்போது இவருக்கு இது மட்டும் என்று அங்கே பிரிக்க முடியாது. ஃபைலும் மாஸ்டர் பாஸ்வேர்டும் கையில் இருந்தால் எல்லாமே கையில் இருக்கிற மாதிரிதான். அலுவலகத்தில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் எங்களுக்கு அது ஒத்துவராது. ஆளுக்கொரு ஃபைல் என்று உடைத்தால், ஒரு பாஸ்வேர்ட் மாறும்போது அத்தனை ஃபைலிலும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஃபைல்களுக்கிடையே பகிர உதவும் அதன் கீஷேர் வசதியை உட்கார்ந்து அமைக்க வேண்டும்.

மாற நினைப்பவர்கள் இப்போதே எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். எங்கள் ஆப் தரும் சிஎஸ்வி ஃபைலில் (எக்செல்லில் திறக்கும் சாதாரண அட்டவணை), நாமாகச் சேர்த்த ஃபீல்டுகள் எல்லாம் குறிப்பு என்ற ஒரே கட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டு வந்தன. டான் எண்களைத் திரும்பப் பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த சிஎஸ்வியில் பூட்டு ஒன்றும் கிடையாது, எல்லாப் பாஸ்வேர்டும் வெட்டவெளியில் இருக்கும். வேலை முடிந்ததும் டவுன்லோட் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள். கிளவுட் பேக்கப் ஓடுகிறதென்றால் அங்கேயும் பாருங்கள்.

எங்கள் சந்தா மார்ச்சில் முடிகிறது. மார்ச்சில் எந்த வரி அலுவலகமும் எதையும் மாற்றாது, அதனால் இன்னொரு வருடத்துக்குக் கட்டத்தான் போகிறேன். ஆண்டு பிளானுக்குப் பதில் மாதாமாதம் கட்டும் பிளானாகக் கேட்டிருக்கிறேன், கொஞ்சம் கூட ஆகிறது.