பட்டறையில் முதலில் எதை மாற்றுவது: கன்னா, தின்னர் டப்பாவா, தண்ணீர்ப் பெயிண்டா?

இரண்டு கார் நிற்கிற இடம், 3 எச்பி கம்ப்ரஸர், பெயிண்ட் பீய்ச்சுகிற ஒரு பழைய கன், சாக்கடைப் பக்கம் சாய்ந்த தரை. ஊருக்கு ஊர் பார்க்கிற டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை இதுதான். மாசைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே பூத் என்கிற மூடிய பெயிண்டிங் அறை, தின்னருக்குப் பதில் தண்ணீர் கலக்கிற தண்ணீர்ப் பெயிண்ட் என்று லட்சக்கணக்கில் செலவு சொல்கிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன, அவை அவ்வளவு செலவும் வைக்காது. காசு கொடுத்து வாங்கிய பெயிண்டிலும் தின்னரிலும் எவ்வளவு காரில் நிற்கிறது, எவ்வளவு காற்றிலும் சாக்கடையிலும் போகிறது என்று பார்த்தால் எதை முதலில் தொடுவது என்பது தானாகத் தெரியும்.

பழைய கன், எச்விஎல்பி, குறைந்த காற்றுக் கன்

பழைய கன்னுக்கு 45 முதல் 55 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்து அடிக்கிறோம். அந்த வேகத்தில் துளி தகட்டில் மோதித் தெறித்துவிடும். அடிக்கிற பெயிண்டில் 25 முதல் 35 சதவீதம்தான் ஒட்டும், மீதி ஓவர்ஸ்ப்ரேயாகக் காற்றில் போகும். எச்விஎல்பி என்பது நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடுகிற கன். அதன் முன்முனைக் காற்று மூடியில் அழுத்தம் 10 பிஎஸ்ஐ தாண்டாது. சரியாக அடித்தால் 65 சதவீதம் ஒட்டும். ஒரு கதவில் 100 எம்எல் நிற்க வேண்டும் என்று வையுங்கள். 30 சதவீதம் ஒட்டுகிற பழைய கன்னுக்கு 330 எம்எல் கலக்க வேண்டும், எச்விஎல்பிக்கு 155 போதும். ஒரே கதவில் 175 எம்எல் மிச்சம். அதில் கலந்திருக்கிற தின்னரும் காற்றில் போகாமல் தப்பியது. குரோமியம், ஈயம், மாங்கனீசு, நிக்கல், காட்மியம் உள்ள பெயிண்டுகளை அடிக்க எச்விஎல்பி அல்லது அதற்கு ஈடான கன்தான் வேண்டும் என்று அமெரிக்கா 2008-லேயே விதி போட்டது இதனால்தான்.

இருந்தும் எச்விஎல்பி வாங்கிய பல பட்டறைகளில் அது ஆணியில் தொங்குகிறது. "ஃபினிஷ் வரல, ஆரஞ்சுத் தோல் மாதிரி விழுது" என்பார்கள். பெரும்பாலும் குறை கன்னில் இல்லை, காற்றில்தான். எச்விஎல்பி கன் சாதாரணமாக 12 முதல் 15 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்று கேட்கும். 3 எச்பி கம்ப்ரஸர் உண்மையில் தருவது 10, 11 சிஎஃப்எம்தான். பானட்டின் முதல் பாதி நன்றாக வரும். டேங்க் இறங்க இறங்கத் துளி பெரிதாகி, இரண்டாம் பாதி தோல் தட்டிவிடும். கால் அங்குல ஹோஸ் இதைவிட மோசம். கேஜில் 40 காட்டும், காற்று கன்னுக்குள் நுழைகிற இடத்தில் 20 கூட இருக்காது. ஹோஸை 3/8 அங்குலத்துக்கு மாற்றி, கன்னின் அடியில் ஒரு சின்ன கேஜ் போட்டு, டிரிக்கரை முழுக்க இழுத்துப் பிடித்தபடி அழுத்தத்தை வைக்க வேண்டும். கையை எடுத்துவிட்டுப் பார்க்கிற அளவு பொய்.

தூரமும் மாறும். பழைய கன்னை 8 முதல் 10 அங்குலம் தள்ளிப் பிடித்த கை, எச்விஎல்பியை 6 முதல் 8 அங்குலத்துக்குள் கொண்டுவர வேண்டும். பழைய தூரத்திலேயே அடித்தால் பெயிண்ட் போய்ச் சேரும் முன்பே காய்ந்து, சொரசொரப்பாக விழும்.

5 எச்பி கம்ப்ரஸர் இருந்தால் எச்விஎல்பி. 3 எச்பியோடு ஓட்டுகிறவர்கள் எல்விஎல்பி என்கிற குறைந்த காற்றுக் கன்னை எடுப்பது நல்லது. 4 முதல் 8 சிஎஃப்எம்மில் வேலை முடியும். கொஞ்சம் மெதுவாக அடிக்கும், ஒரு பம்பர், ஒரு ஃபெண்டர் என்று வருகிற வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. கலர் தருகிற பேஸ் கோட்டுக்கும் அதன் மேல் பளபளப்புக்கு அடிக்கிற கிளியருக்கும் 1.3 மிமீ நாசில், அடியில் அடிக்கிற கெட்டியான பிரைமருக்கு 1.7 அல்லது 1.8. ஒரே நாசிலில் பிரைமரையும் அடிக்க வேண்டும் என்றுதான் தின்னரை அள்ளி ஊற்றுகிறார்கள்.

கன் கழுவுகிற தின்னர்

பெரிய மிச்சம் இங்கேதான். கப்பில் 250 எம்எல் தின்னர் ஊற்றி, குலுக்கி, காற்றிலேயே பீய்ச்சிக் காலி செய்வது வழக்கமான முறை. ஒரு நாளைக்கு நான்கு கலர் மாற்றினால் ஒரு லிட்டர், அத்தனையும் அடிக்கிறவர் மூக்கு வழியாகப் போகிறது.

மாற்று வழி மூன்று. மூடிய கன் வாஷர் மெஷின் நல்லது, ஆனால் தினமும் ஏழெட்டு முறை கன் கழுவுகிற இடத்துக்குத்தான் கட்டுப்படியாகும். கப்புக்குள் போடுகிற பிளாஸ்டிக் லைனர் போட்டால் 50 எம்எல்லில் வேலை முடியும், லைனர் குப்பையாகச் சேரும். மூன்றாவது, மூடி போட்ட இரண்டு டப்பா. மீந்த பெயிண்டை முதலில் பிளாஸ்டிக் பட்டி பிளேடால் வழித்து எடுத்துவிட்டு, முதல் கழுவலைப் பழைய தின்னரில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் 50 எம்எல் புதுத் தின்னர். அழுக்குத் தின்னர் இரண்டு மூன்று நாளில் தெளியும். மேலே தெளிந்ததை முதல் கழுவலுக்கு எடுக்கலாம், அடியில் நிற்கிற சேறுதான் கழிவு. சின்னப் பட்டறைக்கு இதை மிஞ்சிய வழி இல்லை.

தின்னரைக் காய்ச்சி வடிக்கிற சின்ன மெஷின்களும் கிடைக்கின்றன. என்சி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் கழுவிய தின்னரை அதில் ஊற்றக் கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் அடியில் காய்ந்து சூடேறினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இன்னொன்று, இந்தச் சேற்றைப் பழைய இன்ஜின் ஆயில் டின்னில் கொட்டாதீர்கள். தின்னர் கலந்த ஆயிலை மறுசுழற்சிக்காரர் எடுக்க மாட்டார், ஒரு டின் கழிவு இரண்டு டின் ஆகிவிடும்.

வாட்டர் பேப்பரா, உலர் தேய்ப்பா

தகட்டுப் பள்ளத்தை நிரப்புகிற பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது ஊறிப்போன பழக்கம், தூசி பறக்காது என்பது அதன் நியாயம். ஆனால் பாலியஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். உள்ளே தங்கிய ஈரம் ஆறு மாதம் கழித்துக் கொப்புளமாகவும் துருவாகவும் வெளியே வந்து, அதே வேலை திரும்ப வரும். பழைய மஞ்சள், சிவப்புப் பெயிண்டுகளில் ஈய குரோமேட் இருக்கலாம், அந்தச் சாயத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகிறது.

தூசியை உறிஞ்சுகிற வேக்குவம் இணைத்த டிஏ சாண்டர், அதாவது வட்டமாகச் சுழன்று தேய்க்கிற மெஷின், இரண்டையும் தீர்க்கும். காற்றில் ஓடுகிற டிஏ, கம்ப்ரஸரை மூச்சு முட்ட வைக்கும். மின்சாரத்தில் ஓடுவதை வாங்குங்கள். பட்டிக்கு 5 மிமீ சுற்று, பிரைமருக்கு அதைவிடச் சின்னது. பேப்பர் P80, P180, P320 என்று நைசாகிக்கொண்டே ஏறினால் போதும். வேக்குவம் இல்லாமல் உலர்த் தேய்ப்பு மட்டும் செய்வது வாட்டர் பேப்பரைவிட மோசம். கிளியர் மேல் P1500, P2000 தேய்க்க மட்டும் தண்ணீர் இருக்கட்டும், ஹோஸ் வேண்டாம், கையால் பீய்ச்சுகிற பாட்டில் போதும்.

என்சி, 2கே, தண்ணீர்ப் பெயிண்ட்

என்சி பெயிண்டைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து நான்கைந்து கோட் அடிக்க வேண்டும். 2கே என்பது இறுக வைக்கிற ஹார்டனரோடு இரண்டு பாகமாக வருவது. 2கே கிளியர் இரண்டுக்கு ஒன்று ஹார்டனரும் கொஞ்சம் தின்னரும் சேர்த்து இரண்டு கோட்டில் முடிகிறது. தின்னர் கணக்கில் 2கே தான் நல்லது. ஆனால் ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது, கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தால் ஆஸ்துமா வரலாம். கார்பன் கார்ட்ரிட்ஜ் மாஸ்காவது வேண்டும், காற்று வரும் ஹூட் இன்னும் நல்லது. கலந்து மீந்த 2கேயை இறுக மூடி வைக்காதீர்கள், சூடேறி டப்பா உப்பும்.

தண்ணீர்ப் பேஸ் கோட் ஐரோப்பாவில் பரவியதற்கு முக்கியக் காரணம் சட்டம். 2007 முதல் அங்கே கார் மறுபெயிண்டிங் மேல் கோட்டுக்கு லிட்டருக்கு 420 கிராம் கரைப்பான்தான் உச்ச வரம்பு. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தண்ணீர்ப் பெயிண்ட் காய நல்ல காற்றோட்டம் வேண்டும், கன்னின் உள்பாகம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், மேலே அடிக்கிற கிளியர் அப்போதும் 2கே தான். பூத் இல்லாத பட்டறைக்கு இது கடைசி. பெயரில் தண்ணீர் இருக்கிறது என்று கழுவிய நீரைச் சாக்கடையில் விடவும் முடியாது.

மீந்த சேறு, காலி டப்பா, பெயிண்ட் துடைத்த பனியன் வேஸ்ட் எல்லாம் 2016 அபாயக் கழிவு விதிகளுக்குள் வருபவை. 90 நாளுக்கு மேல் தேக்கக் கூடாது. காயலான் கடைக்கு டப்பாவைப் போடுவதானால் உள்ளே சொட்டுப் பெயிண்ட் கூட இருக்கக் கூடாது. தின்னர் நனைந்த துணியை இரவில் மூடி போட்ட இரும்பு டின்னில் போடுங்கள், வெல்டிங் பொறி எட்டாத மூலையில்.